வலது தோளுக்கு எத்தனை மார்க்

பூஜ்யம்தான். காரில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன், எதைக் கேட்டாலும் பூஜ்யம். இந்த எலும்பு ஆஸ்பத்திரியில் கைக்கு மார்க் போடச் சொல்கிறார்கள், அதுவும் கைக்குச் சொந்தக்காரியையே போடச் சொல்கிறார்கள். அறுபது தாண்டிய துளசிமணி பரீட்சை எழுதப் போகிறாள், பேப்பர் திருத்துகிற வாத்தியாரும் துளசிமணியேதான். அட்டையில் ரெண்டு தாளைச் செருகி, பேனாவைச் சணலால் அட்டையோடு கட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதாம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். சுத்தமாக முடியாது என்றால் பூஜ்யம், சிரமமே இல்லை என்றால் பத்து. வலிக்கு மட்டும் தலைகீழ், அதில் பத்துதான் மோசம். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது ரெஹானா, தோளில் புது மூட்டு வைத்த பிறகு எனக்குக் கைப்பயிற்சி சொல்லித் தருகிற பெண். அவள் அட்டையை நீட்டியதும் என் மகன் மோகன் வழக்கம்போலக் குறுக்கே கையை நீட்டினான். "குடும்மா, நானே சுழிச்சுக் குடுத்தர்றேன், உனக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்துத் தெரியாது." ரெஹானா விடவில்லை. "இல்லீங்க சார், இது பேஷண்ட்டு அவங்களே போடோணும். கூட வந்தவங்க அந்தப் பக்கம் உக்காந்துக்குங்க." மஞ்சள் மண்டி முதலாளியை ஒருத்தி அந்தப் பக்கம் போகச் சொல்லி நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. போனான். தண்ணீர் மிஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டே அடிக்கடி என்னைப் பார்க்கிறான். பார்க்கட்டும். ஆபரேஷனுக்கு முன்னாலும் இதே தாள்தான். அன்றைக்கு நான் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் அவனே சுழித்துக் கொடுத்துவிட்டான். வலி எவ்வளவு என்ற இடத்தில் மூன்று. மூன்றாம்! யாரைக் கேட்டுப் போட்டாய் என்றதற்கு, "நீ எப்பவாச்சும் வலிக்குதுன்னு சொல்லியிருக்கியாம்மா?" என்றான். நியாயம்தான். சொல்லாத வலிக்கு மூன்று கொடுத்ததே தாராளம்.

இன்றைக்குப் பேனா என் கையில். காவேரிப் பாலம் தாண்டும்போது மோகன் சொன்னான், "இன்னைக்கு மார்க்கு நல்லா வந்துட்டா அப்பாவைப் பாத்துக்கற ஆளை நிறுத்திப்போடலாம்மா. தூக்கறதுக்கு நான் வந்தர்றேன். குளிப்பாட்டறது, தொடைக்கறது, சோறு ஊட்டறது, அதெல்லாம் நீ பாத்துக்குவே. அப்பாவுக்கும் நீ பக்கத்துல இருந்தாத்தான் ஒத்து வருது." ஒத்து வருகிறதாம். அவருக்கு என்னோடு எப்போது ஒத்து வந்தது என்று நான் கேட்கவில்லை, பாலத்துக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் என்றால் சென்னியப்பன், மோகனுக்கு அப்பா, எனக்குத் தாலி கட்டினவர். மனசுக்குள் சபிக்கும்போதுகூட அவர் இவர் என்றுதான் வருகிறது, என்னை வளர்த்த வளர்ப்பு அப்படி, அதற்கு ரெஹானாவிடம்கூடப் பயிற்சி கிடையாது. பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டு அவர் படுக்கையில் விழுந்த பிறகு நான்தான் பார்த்தேன். குளிப்பாட்டினேன், புரட்டினேன், மலஜலம் எடுத்தேன். எல்லாம் இந்தச் செத்த தோளை வைத்துக்கொண்டு. ஒருநாள் காலையில் அவரைப் புரட்டும்போது தோளுக்குள் ஏதோ நழுவி, கை துணியாகத் தொங்கிவிட்டது. அந்த வாரமே பெரிய டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் இந்தக் கை நெஞ்சுக்கு மேலே ஏறாமல் கிடந்தது, ஒரு நாயும் என்னவென்று கேட்கவில்லை. மாடு உழவுக்கு நின்றுபோனால்தானே வைத்தியரைக் கூப்பிடுவார்கள். கல்லானாலும் கணவன் என்று சொன்னவர்கள் அந்தக் கல்லை யார் புரட்டிப் போடுவது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். இப்போது சம்பளத்துக்கு ஓர் ஆள் வந்து புரட்டுகிறான். மஞ்சள் மூட்டையைப் புரட்டுகிற மாதிரிதான் புரட்டுகிறான். அவர் ங்கா ங்கா என்று கத்துவார். ஆள் பாட்டுக்குப் போனில் பேசிக்கொண்டே துடைப்பான், தண்ணீர் சூடா சில்லா என்றுகூடப் பார்க்க மாட்டான். நான் அடுத்த அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஐயோ பாவம் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் கேட்ட நாளில் எனக்கு ராத்திரி நல்ல தூக்கம். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், நின்று பார்த்துவிட்டு அவரைப் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டது, மிச்சத்தை என்னிடம் விட்டுவிட்டது. நான் பூஜ்யம் போட்டால் அவர் ஆளின் கையிலேயே கிடப்பார், சாகிறவரைக்கும். நல்ல மார்க் போட்டால் மறுபடியும் என் கைக்கு வந்துவிடுவார். இவ்வளவுதான் விஷயம்.

சரி, போடுவோம். கோட்டு அணிந்துகொள்ள முடிகிறதா. எந்த ஊர்க்காரன் எழுதின கேள்வியோ, ஈரோட்டு வெயிலில் வக்கீல்களை விட்டால் யார் கோட்டுப் போடுகிறார்கள். பூஜ்யம். போட்டதே இல்லை, அதனால் பொய்யும் இல்லை. பந்தை ஓங்கி எறிய முடிகிறதா. யார்மேல் என்று கேட்டிருந்தால் யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன், பூஜ்யம். தலைக்கு மேலே இருக்கிற அலமாரியில் ஒரு சாமானை வைக்க முடிகிறதா. முந்தாநாள் யாரும் இல்லாதபோது மேல் தட்டிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றி வைத்தேன். ஏற்றின பிறகு சும்மா ஒருதரம் இறக்கி ஏற்றினேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பூஜ்யம். எதிர்ப் பக்கத் தோளைத் தேய்த்துக் குளிக்க முடிகிறதா, பூஜ்யம். ஆபரேஷன் ஆன பக்கமாகப் படுத்துத் தூங்க முடிகிறதா, பூஜ்யம். வட்டம் நல்ல உருண்டையாக விழுகிறது, கை நடுங்கவே இல்லை, பொய் சொல்கிற கைக்கு எத்தனை மார்க் என்று ஒரு கேள்வி இருந்தால் அதற்கு மட்டும் பத்துப் போடுவேன். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக முடிகிறதா. இங்கே பேனா நின்றது. இந்தக் கையை நானாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதைவிட அவர் கொண்டுபோனதுதான் அதிகம். மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கி, கழுத்தை நோக்கி மேலே தள்ளுவார். அடிக்க மாட்டார். அது ஒரு பெருமை அவருக்கு. "நான் என்ற பொண்டாட்டிய ஒரு நாளும் கைநீட்டி அடிச்சதில்ல" என்று மண்டியில் பத்துப் பேர் நடுவில் சொல்வார், கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். அடித்தால் கன்னம் வீங்கும், நாலு பேர் பார்ப்பார்கள். முறுக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டால் முடிந்தது. எப்படிக் கண்டுபிடித்தாரோ. இதற்கும் பூஜ்யம் என்று சுழித்துவிட்டு அடுத்ததைப் பார்த்தால், உங்கள் தலையை நீங்களே வாரிக்கொள்ள முடிகிறதா.

இது வேண்டாம், இதைப் பிறகு பார்க்கலாம். முதல் பக்கத்துக்கே திரும்பி, பெயர், வயது, எந்தத் தோள். வலது. ஆபரேஷனுக்குக் காரணம் என்ற இடத்தில் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், பழைய விபத்து. நல்ல விபத்து. முதல் நாள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெரிய டாக்டர், "இந்தத் தோள் முன்னாடியே பல தடவை விலகியிருக்கு, அதுலயே தேஞ்சு போயிருக்கு. எங்கயாவது விழுந்தீங்களாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மோகன் சொன்னான், "பாத்ரூம்ல விழுந்துட்டாங்க சார். அப்பறம் ஒருக்கா கிணத்து மேட்டுல." கிணற்று மேடு! அவன் கண் டாக்டர் மேஜையில் இருந்தது, என் பக்கம் வரவில்லை. அந்தப் பொய்யை நான்தான் ஊருக்கு எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அவன் அதை வார்த்தை மாறாமல் பாடமாக ஒப்பித்தான். நம்பினவன் ஒப்பிக்கிற மாதிரி இல்லை அது. அப்பன் பண்ணினதை மறைக்கப் பிள்ளைக்கு எவ்வளவு பழக்கமாகிவிட்டது என்று எனக்குப் பகீரென்றது. டாக்டர் நம்பினாரோ இல்லையோ, தேய்ந்துபோன எலும்பை எடுத்துவிட்டு உலோகத்தில் ஓர் உருண்டை வைத்துத் தைத்துவிட்டார். தொட்டில் மாதிரி துணியில் கையைப் போட்டுக்கொண்டு கிடந்த நாட்களில் அந்த உருண்டையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்குத்தான் அவர் தாலி கட்டினார், அதற்குக் கட்டவில்லை. அதற்கு அவர் யார் என்றே தெரியாது. அப்புறம் ரெஹானா வந்தாள், சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றச் சொன்னாள், கதவின்மேல் கயிற்றைப் போட்டு இழுக்கச் சொன்னாள். வீட்டில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஏற்றினேன். நெற்றி, உச்சி, அதற்கும் மேலே. ஒருநாள் விரல் நுனி சாமி படத்துச் சட்டத்தில் இடித்தது. அழுதேன் என்றால் அழுகை இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்தால் கை நெஞ்சோடு நின்றுவிடும். இங்கே ரெஹானா கோணம் பார்க்கிற ஸ்கேலை வைத்தாலும் பாதியில் நிறுத்தி, பல்லைக் கடித்து, "அவ்வளவுதான் கண்ணு, அதுக்கு மேல உசுரு போகுது" என்பேன். உயிர் போகிற வலி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வேன். வலி என்பது நான் சொல்வதுதான். டாக்டரானாலும் எக்ஸ்ரேயானாலும் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. இத்தனை வருஷம் அவருக்கு உதவின அந்த விஷயம் இப்போது எனக்கு உதவுகிறது.

தலையை நீங்களே வாரிக்கொள்ள. விட்டால் விடுகிறதா பார். எனக்கு அப்போது முழங்காலைத் தொடுகிற முடி. அதிகமாகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம், தொட்டது. என் தம்பிக்குக் கல்யாணம், பெருந்துறைக்குப் போக வேண்டும், பட்டுச்சேலை கட்டிப் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தேன். முன்கட்டிலிருந்து குரல் வந்தது, "ஏ புள்ள, தண்ணி கொண்டா." இப்போது நினைத்தாலும் ஒரு சொம்புத் தண்ணீர்தான், குடம்கூட இல்லை. நான் சந்தோஷத்தில் இருந்தேன், அதுதான் பிசகு. தம்பி கல்யாணம், புதுச்சேலை, வாய் நிறையப் பூவைக் கவ்விக்கொண்டு, "தலையை வாரிட்டு வர்றனுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ங்க போட்டுத்தான் சொன்னேன். கண்ணாடியில் முதலில் அவருடைய வேட்டி தெரிந்தது. அப்புறம் சீப்போடு சேர்த்துக் கையைப் பிடித்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "கூப்பிட்டா வரோணும்" என்றார், மண்டியில் மூட்டைக்கு விலை சொல்கிற மாதிரி, அவ்வளவு நிதானமாக. மடக்கினார், மேலே தள்ளினார். முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம் ஒன்று கேட்டது, என்னிடமிருந்துதான் வந்தது என்பது தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சீப்பு கீழே விழுந்தது. அவர் அதைத் தாண்டி நடந்துபோய்த் தானே தண்ணீர் மொண்டு குடித்தார். குடிக்கத் தெரியாமல் இல்லை பாருங்கள். கட்டுப் போடுகிறவர் வந்து தோளை இழுத்து உள்ளே தள்ளி, முட்டையும் உளுந்துமாவும் குழைத்துத் துணி சுற்றினார். முட்டை நாற்றத்தோடுதான் தம்பி கல்யாணத்துக்குப் போனேன், கிணற்று மேட்டில் விழுந்துவிட்டேன் என்று போட்டோவில் சிரித்தேன். ஒருதரம் விலகின தோள் பழகிவிடும், அவருக்கும் பழகிவிட்டது. அதற்குப் பிறகு கை உச்சிக்கு ஏறவில்லை. இடது கையால் அவ்வளவு முடியை எப்படி வாருவது? சிக்கு விழுந்து, நாறி, பேன் பிடித்து, பக்கத்து வீட்டுப் பெண்களிடம் தலையைக் கொடுத்துக் கொடுத்து வெட்கமாகிப் போய், ஒரு பங்குனியில் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். வேண்டுதல் என்றேன். அத்தனை முடியைக் கொடுத்திருக்கிறாளே, புருஷன்மேல் எவ்வளவு பாசம் என்று ஊரே மெச்சியது. அவரும் மெச்சிக்கொண்டார். முருகனுக்கு மட்டும் தெரியும், வேண்டுதலும் இல்லை மண்ணும் இல்லை, சீப்பைத் தூக்க முடியாதவள் வந்து நிற்கிறாள் என்று. அப்புறம் வளர வளர வெட்டிக்கொண்டேன்.

டங். எனக்கு எதிர்வரிசையில் ஒரு கிழவர் கையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தது, விழுந்து உருண்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அட்டை சரிந்து, சணலில் பேனா ஆடி, என் வலது கை எதையோ பிடிக்கப் போகிறது மாதிரி தானாக முன்னால் நீண்டு நின்றது, அந்தப் பாதிக் கோணம், பல் கடிப்பு எதுவும் இல்லாமல். சனியன். அவருக்குப் பேச்சுப் போன பிறகு மிஞ்சினது இதே மாதிரி ஒரு டம்ளர்தான். இடது கையால் கட்டில் கம்பியில் தட்டுவார், டங் டங் டங், நான் போகிறவரைக்கும். ஆள் பக்கத்திலேயே இருந்தாலும் தட்டுவார். அதில் ஏ புள்ள இருக்கிறது, கூப்பிட்டா வரோணும் இருக்கிறது, எல்லாம் அப்படியே கேட்கும். எனக்குப் பயம் அவர்மேல் இல்லை, சத்தியமாக இல்லை, இந்தக் கைமேல்தான். எலும்பை எடுத்து எறிந்துவிட்டு உலோகத்தை வைத்தும் சத்தம் கேட்டதும் நீளுகிறதே. நாளைக்கு அவர் தட்டத் தட்ட இதுபாட்டுக்குப் போய் அவர் வாயைத் துடைத்துவிட்டால்? மோகன் பார்த்துவிட்டானா என்று திரும்பினேன். போனில் யாரிடமோ குவிண்டால் விலை பேசிக்கொண்டிருந்தான். பார்த்தது ரெஹானா. பயிற்சி அறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தவள் என் கையையும் பார்த்தாள், அப்புறம் என் தலையையும் பார்த்தாள். நெருங்கி வந்து என்னை உட்கார வைத்து அட்டையை என் மடியில் சரியாக எடுத்து வைத்தாள். "கொண்டை அழகா இருக்குதுங்கம்மா" என்றாள் மெதுவாக. "உச்சியில தூக்கிப் போட்டிருக்கீங்க. கனகாம்பரம்கூட வச்சு." திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி. ஆமாம், காலையில் போட்டேன். ஆபரேஷனுக்குப் படுத்ததிலிருந்து வெட்டாமல் விட்ட முடி தோளுக்கு இறங்கியிருந்தது, குளித்துவிட்டு வந்தேன், கண்ணாடி முன்னால் நின்றேன், சீப்பை எடுத்தேன், கை ஏறியது. வகிடு எடுத்தேன். நேராக வந்தது. நேராக வந்ததே என்று கொண்டையும் போட்டேன், பூவும் வைத்தேன். பொய் சொல்லக் கிளம்பினவள் தலையை மறந்துவிட்டேன். மோகன் என்னை இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் கண்ணில் படவில்லை. அம்மா தலையை யார் பார்க்கிறார்கள்.

"கண்ணு" என்றேன். போன வாரம் பெரிய டாக்டர் இவளை எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். "எக்ஸ்ரே இவ்வளவு அருமையா இருக்கு, கை ஏன் ஏறல? நீ என்னதான் சொல்லித் தர்றே?" இவள் கண் கலங்கினதை மறைத்துக்கொண்டு என் தோளுக்கு ஒத்தடம் வைத்தாள், அப்போதும் "சூடு தாங்குதுங்களாம்மா" என்று கேட்டுக் கேட்டு. நான் ஒரு கிழவனைப் பழிவாங்கப் போக, அடி இவள் முதுகில் விழுந்தது. அதுகூட எனக்கு ராத்திரி இடித்தது, ஆனால் விட்டுத்தள்ளு, வேறு யாருக்கும் இல்லாத அநியாயமா என்று தூங்கிவிட்டேன். இப்போது அவள் குனிந்து, "நீங்க என்ன போடறீங்களோ அதுதாங்கம்மா கணக்கு. நான் ஒண்ணும் மாத்த மாட்டேன், யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன்" என்றாள். காரணம் கேட்கவில்லை. எந்தத் தோள் எதனால் விலகும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் போய்விட்டாள். தாளில் என் பூஜ்யங்கள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நான் அவற்றையே பார்த்தேன். இந்தப் பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டால் நாளையிலிருந்து? நாளையிலிருந்து கையைத் தூக்கக் கூடாது. ஊறுகாய் ஜாடியை யாரையாவது எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும், முடியை மறுபடியும் வெட்ட வேண்டும். அவர் சாகிறவரைக்கும், ஏன், அவர் செத்த பிறகும் இவர்கள் முன்னால் இந்தக் கை நெஞ்சோடு நிற்க வேண்டும். அன்றைக்கு அவர் முறுக்கி நிறுத்தின அதே இடத்தில். இதுவா பழி? அவர் பாதி பண்ணி விட்டதை நான் முடித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். அதுவும் அவருக்குத் தெரியாமலே. கை சரியாகவில்லை என்றால் அவர் என்ன நினைப்பார், பாவம் முடியவில்லை, முடிந்தால் வந்திருப்பாள் என்றுதானே? முடிந்தால் வந்திருப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டே நிம்மதியாகச் சாவதா! அந்த நிம்மதியை நான் கொடுக்க மாட்டேன்.

"ரெஹானா, வேற தாளு ஒண்ணு குடு கண்ணு. இது பிசகிப்போச்சு." புதுத் தாளில் முதலில் வட்டம் போட்டது அந்தக் கேள்விக்குத்தான். தலையை நீங்களே வாரிக்கொள்ள முடிகிறதா, பத்து. வட்டம் பெரியதாகப் போய்ப் பக்கத்து ஒன்பதையும் சேர்த்துப் பிடித்துவிட்டது, பரவாயில்லை. அலமாரி பத்து, குளியல் பத்து, முதுகுக்குப் பின்னால் ஒன்பது, கொஞ்சம் இழுக்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டும். பந்து, பத்து, எறிந்து பார்க்கிறேன். கோட்டு, பத்து, எவனாவது வாங்கிக் கொடுத்தால் போட்டுக் காட்டுகிறேன். வலி, பூஜ்யம். மோகன் வந்து அட்டையை வாங்கிப் பார்த்தான், முகம் மலர்ந்துபோயிற்று, பாஸான பிள்ளையின் பேப்பரைப் பார்க்கிற மாதிரி. "அம்மா! சொல்லவே இல்ல பாரு. அப்ப ஆளை இன்னைக்கே நின்னுக்கச் சொல்லிப்போடறேன்." போனைக் காதுக்குக் கொண்டுபோனான். நான் வலது கையை நீட்டி, என் தோளுக்கு மேலே இருந்த அந்தப் போனைப் பிடித்துக் கீழே இறக்கினேன். சும்மா எட்டியது. "ஆளை நிறுத்தாத சாமி." "ஏம்மா, கைதான் நல்லாயிருச்சே?" "நல்லாயிருச்சு. அதனாலதான் சொல்றேன். நோவுல கெடந்தப்ப எல்லாம் செஞ்சேன். இப்ப செய்ய முடியும், செய்ய மாட்டேன்." அவன் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "என்னம்மா இது, அப்பா உன்னத்தான தேடுது." "தேடட்டும். நான் கெணத்து மேட்டுல விழுகலன்னு உனக்குத் தெரியும். உள்ள போனதும் டாக்டர்கிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?" அவன் கண் தரைக்குப் போயிற்று. டம்ளர் விழுந்த இடத்தில் ஈரம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "நானே சொல்றேம்மா" என்றான். என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, பீரோக் கண்ணாடியைக் கழற்றி அவர் கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைக்கச் சொல்ல வேண்டும். ஆளே தூக்கி வைப்பான். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். கொண்டையை அவிழ்ப்பேன், சீப்பை எடுப்பேன், இந்தக் கையை அவர் கண்ணுக்கு நேரே மெதுவாக உச்சிவரைக்கும் தூக்குவேன். அவர் தட்டுவார், டங் டங் டங். தட்டட்டும், கை அதற்கு நீண்டால் நீளட்டும், அதில்தான் சீப்பு இருக்கிறதே. கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், மரியாதையாகத்தான், அன்றைக்குச் சொன்ன மாதிரியே, தலையை வாரிட்டு வர்றனுங்க. முடி இப்போது தோள்வரைக்கும்தான். ஆனாலும் வாரி முடிய நேரமாகும், அவர் ஆயுசுக்கும் முடியாது.